மூச்சை எண்ணுகிற பெட்டி

ஆயிரத்து இருநூற்றுப் பத்து. இளவரசி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். ஆயிரத்து இருநூற்றுப் பத்துதான். டிவிக்குப் பக்கத்தில், கல்யாண போட்டோவை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற பெட்டி அது. உள்ளங்கை அகலம்தான், ஆனால் உட்கார்ந்திருக்கிற தோரணையைப் பார்த்தால் வீடே அதன் பெயரில் பட்டா ஆகியிருக்கிற மாதிரி இருக்கும். தம்பி கதிரேசன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு போய் இன்னும் பத்து நிமிஷம் ஆகவில்லை. லோடு ஆட்டோவைக்கூட பெட்ரோல் பங்க் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு, சந்து வழியாக நடந்துதான் வந்தான். எதிர்வீட்டு மங்கை டீச்சர் கண்ணில் படக்கூடாது என்று கதவைச் சாத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், புழுங்குமே என்று ஏசியைப் போட்டாள், இரண்டு மணி நேரம் அக்காவும் தம்பியும் குசுகுசுவென்று பேசினார்கள். அவ்வளவு பத்திரமாக மூடி வைத்ததால்தான் எண் ஏறியது என்று இப்போது புரிகிறது. திறந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் ஐந்நூறுகூடத் தாண்டியிருக்காது, ஊர் பார்த்திருக்கும், பெட்டி பார்த்திருக்காது. ஊருக்குப் பயந்து பெட்டியிடம் மாட்டிக்கொண்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஜன்னல் இரண்டையும் விரியத் திறந்தாள், ஃபேனை ஐந்தில் வைத்தாள், பள்ளிக்கூடக் காலண்டரைக் கழற்றிப் பெட்டிக்கு முன்னால் விசிறினாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் எண் மாறும். மூணு மணிக்கு அவர் கூப்பிடுவார். இப்போது இரண்டு. அதற்குள் அறுநூறுக்கு இறக்கிவிடலாம், இறக்கிவிடலாம் என்று விசிறிக்கொண்டே இருந்தவளுக்குக் கை வலி எடுத்தபோதுதான் ஞாபகம் வந்தது, இது இப்போதைய எண்ணை மட்டுமா காட்டுகிறது? கோடு போட்டு வைத்திருக்குமே. பன்னிரண்டு மணிக்கு எங்கே இருந்தது, ஒன்றரைக்கு எங்கே ஏறியது, எல்லாம் ஷார்ஜாவில் அவர் போனில் மலை மாதிரி தெரியுமே. காலண்டரை மடியில் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

என்ன சொல்லலாம்? அடுப்பை எரியவிட்டேன், ஜன்னலைத் திறக்க மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் சமையல்கட்டு தனியாக இருக்கிறது, ஹாலில் ஏன் ஏறியது என்று கேட்பார். சாமிக்குச் சாம்பிராணி போட்டேன் என்று சொல்லலாமா? அது நடக்காது. அதைப் பற்றி வாங்கும்போதே பாடம் எடுத்திருக்கிறார் குணசீலன். "விலை கம்மியா இருக்குன்னு கண்டதையும் வாங்கிடக் கூடாது இளா. மட்டமான சென்சாரு ஊதுபத்திக்கும் ஏறும், பவுடர் போட்டாலும் ஏறும், சும்மா குத்துமதிப்பா ஒரு நம்பர அடிச்சு விடும். இது அப்படி இல்ல. இது கரியமில வாயுவ நேரா அளக்கும். மூச்ச எண்ணும்." மூச்சை எண்ணும் என்று சொன்னபோது எவ்வளவு பெருமையாகச் சொன்னார்! மகள் மகிழினிக்கு வீசிங் வந்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த மாதம் அது. வீட்டில் ஈரம் எவ்வளவு, தூசி எவ்வளவு, காற்றோட்டம் இருக்கிறதா என்று கவனியுங்கள் என்று டாக்டர் சொன்னதை இவள் போனில் ஒப்பித்தாள், அவர் பிடித்துக்கொண்டார். ஒரு மாதம் வேறு பேச்சே இல்லை. எந்தக் கம்பெனி பெட்டி நல்லது, எதில் வெயில் பட்டால் பொய் சொல்லும், எதில் மழை அளக்கிற கிண்ணம் தனியாக வாங்க வேண்டும், எது வைஃபையில் ஏறும், எதற்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பேட்டரி மாற்ற வேண்டும், ராத்திரி ராத்திரி வீடியோ பார்த்துப் பார்த்து அந்த மனுஷன் வானிலை ஆபீசராகவே ஆகிவிட்டார். கடைசியில் இரண்டு செட் சேர்த்து வாங்கினால் சலுகை என்று இரண்டு வாங்கினார். இரண்டையும் தன் ரூமில் பக்கத்தில் பக்கத்தில் ஒரு மாதம் வைத்துப் பார்த்தாராம், ஒன்று சொன்னதையே இன்னொன்றும் சொல்கிறதா என்று. சொன்னது. ஒன்றை ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்துவிட்டார். வெளியே எவ்வளவு சூடு என்று அளக்க வாசல் பக்கம் மாட்டுகிற குழாயும் கூடவே வந்தது, வெள்ளைச் சாசர்களைக் கவிழ்த்து அடுக்கினாற்போல. இவள் அதைக் கொண்டுபோய் ஏசி வெளிப்பெட்டிக்கு நேர் மேலே மாட்டிவிட்டாள். அறந்தாங்கியில் மாசி மாதம் நாற்பத்தேழு டிகிரி. அவர் அங்கிருந்து பதறிப் போய்க் கூப்பிட்டார். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு, அதற்கப்புறம் இந்தப் பெட்டியை வைத்து அவர்கள் சிரித்ததே இல்லை.

எப்போது மாறியது என்று அவளால் தேதி போட்டுச் சொல்ல முடியவில்லை. முதலில் நல்லாத்தான் இருந்தது. ஈரப்பதம் எண்பதுக்கு மேல போகுது, துணிய உள்ள காயப் போடாத. சரி. ஹால்ல காத்தே இல்ல, ஜன்னலத் திற. சரி. அப்புறம் ஒரு நாள், "பதினோரு மணிக்கு என்ன குளிச்சியா?" என்றார். ஆமாம், குளித்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதுகூட ஷார்ஜா வரைக்கும் போய்விட்டதே என்று ஆச்சரியமாகத்தான் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அப்புறம் இன்னொரு நாள், "நேத்து நாலு மணிக்கு வீட்டுல ஆளே இல்ல போல?" பிறகு, "யாரு வந்தா?" இந்த யாரு வந்தா என்ற கேள்விதான் அப்புறம் தினப்படி ஆனது. மங்கை டீச்சர் வந்து அரை மணி நேரம் குழம்புக்குப் பக்குவம் கேட்டுவிட்டுப் போனாலும் யாரு வந்தா. அவளும் ஆரம்பத்தில் டீச்சரைத்தான் சந்தேகப்பட்டாள், இந்த அம்மாதான் போட்டுக் கொடுக்கிறது என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பாவம். அப்புறம்தான் ஒட்டுக் கேட்கிறது யார் என்று தெரிந்தது. தெரிந்த பிறகு அவள் என்னென்ன செய்து பார்க்கவில்லை? பெட்டியை ஜன்னல் ஓரத்தில் வைத்தாள், வெயில் ஏறி முப்பத்தொன்பது காட்டி மாட்டிக்கொண்டாள். பிளக்கைப் பிடுங்கினாள், இணைப்பு இல்லை என்று இரண்டு நிமிஷத்தில் போன் வந்துவிட்டது. ஒரு நாள் ஆத்திரத்தில் வயரோடு தூக்கி ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஆறு டிகிரி. "என்னாச்சு இளா, என்னாச்சு?" என்று அந்தக் குரல் நடுங்கியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கூடவே அழுகையும் வருகிறது. என்னத்தைத் தேடுகிறார் இந்த மனுஷன்? அவள் முகத்தைப் பார்த்து வீடியோவில் கேட்டால் சொல்லமாட்டாளா? இப்போதெல்லாம் வீடியோவே போடுவதில்லை, நெட் சரியில்லை என்கிறார். அவளை நம்பவில்லை, அவ்வளவுதான். கட்டின பெண்டாட்டியின் மூச்சை எண்ணுகிறவன் வேறு எதற்கு எண்ணுவான்? வெளிநாட்டுக்காரன் பெண்டாட்டி என்றால் ஊருக்கு ஒரு கண் எப்போதும் உண்டு, அது தெரிந்ததுதான், பழகிப் போனதுதான். ஆனால் அந்தக் கண்ணை இவரே வாங்கி அனுப்பி டிவிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாரே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

ஆயிரத்து முப்பது. இறங்குகிறது. இறங்கி என்ன? யாரு வந்தா என்பதற்கு ஒரு பெயர் வேண்டும். கதிர் வந்தான் என்று சொல்ல முடியாது. கதிர் இந்த வாசற்படி மிதிக்கக்கூடாது என்பது அவருடைய உத்தரவு. போன தை மாதம் சித்தப்பா மகள் கல்யாணத்தில் பந்தியில் வைத்து ஆரம்பித்தது. லீவில் வந்திருந்த குணசீலன், ஸ்டோர் கீப்பர் வேலை, ஏசி ஆபீஸ், தனி ரூம் என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கதிர் எதிர் இலையில் இருந்தவன், சும்மா இருந்திருக்கலாம். "அத்தான், கம்பெனி மாறிட்டீங்கன்னு சொன்னாங்களே. கட்டட வேலைன்னு சொன்னாங்களே," என்று கேட்டுவிட்டான். கேட்டது ஒன்றும் கேலி இல்லை, அவன் முகத்தில் கவலைதான் இருந்தது, அது அவளுக்கு அப்போதே தெரியும். ஆனால் பந்தியில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பாதி இலையில் எழுந்துவிட்டார். அன்றைக்கு மண்டபத்து வாசலில் அவள் தன் தம்பியைப் பேசின பேச்சு! உனக்குப் பொறாமை, நீ லோடு அடிக்கிறவன், அவர் நல்லா இருக்கிறது உனக்குப் பொறுக்கவில்லை, இன்னும் என்னென்னவோ. கதிர் "இல்லக்கா," என்று மட்டும் சொன்னான். ஆறு மாதம் வரவில்லை. இன்றைக்கு அவன் வந்ததே மகிழினிக்குப் பிறந்த நாள் வருகிறதே, சைக்கிள் வாங்கித் தரட்டுமா என்று கேட்கத்தான். அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. மீன் குழம்பை இரண்டு தடவை ஊற்றிக்கொண்டான். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அக்கா, அத்தான் போன் பண்ணுறப்ப பின்னாடி என்ன சத்தம் கேக்கும்?" என்றான். "ஏன், டிவி சத்தம் கேக்கும். ஆபீஸ் சத்தம் கேக்கும்," என்றாள். "சரிக்கா," என்று போய்விட்டான். அந்த சரிக்கா இப்போது முள்ளு மாதிரி எங்கேயோ ஏறி நிற்கிறது. என்ன சத்தம் கேட்கும்? இருமல் கேட்கும். ஒருத்தர் இருமல் இல்லை, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. பக்கெட் இழுக்கிற சத்தம் கேட்கும். ஆபீசில் எதற்குப் பக்கெட்? கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லையா, தோன்றி அமுக்கிவிட்டாளா, அது அவளுக்கே வெளிச்சம். முன்பெல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் கூப்பிடுவார், ஜூன் மாதம் பாதியிலிருந்து மத்தியானம் மூணு மணிக்குக் கூப்பிடுகிறார். ஏன் என்று கேட்டதற்கு, சாப்பாட்டு நேரம் மாறிவிட்டது என்றார். மாறியிருக்கும். கதிரைச் சும்மா இருக்கச் சொல்ல வேண்டும், அவன் பேசாமல் இருந்தாலும் பேசினது போலவே இருக்கிறது.

எதற்கும் அவர் பார்க்கிற கோட்டை நாமும் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்வோம், எந்த நேரத்தில் ஏறியது என்று தெரிந்தால்தானே பொய்யை அதற்குத் தகுந்தபடி வெட்டலாம் என்று போனை எடுத்தாள். பெட்டிக்கு ஒரு ஆப் இருக்கிறது. அவர்தான் அங்கிருந்தே சொல்லிச் சொல்லி அவளுடைய போனிலும் தன் பெயரையே போட்டுத் திறக்க வைத்தார். வீடு என்று ஒரு பக்கம் வரும், அதில் ஹால், வாசல், மழை. "இதோட நிறுத்திக்க. வேற எதையும் தொடாத, செட்டிங் போயிடும்," என்றார். அவளும் ஐந்து மாதமாகத் தொட்டதில்லை. கீழே இரண்டு புள்ளி இருக்கும், ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு. எதற்கு இரண்டு என்று யோசித்தது உண்டு. இப்போது மலையின் உச்சியைத் தேடி விரலைப் பக்கவாட்டில் இழுத்தபோது, கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டாள் போலிருக்கிறது, பக்கம் புரண்டுவிட்டது. ஐயோ, செட்டிங் போச்சு என்றுதான் முதலில் நினைத்தாள். மேலே ரூம் என்று இருந்தது. அவளுடைய வீட்டில் ரூம் என்று எதுவும் இல்லை, ஹால், சமையல்கட்டு, பாப்பா படிக்கிற அறை, அவ்வளவுதான். ரூம். முப்பத்தொன்று புள்ளி ஆறு டிகிரி. ஈரப்பதம் எழுபத்து நாலு. அதற்குக் கீழே சிவப்பில் இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபது.

யாருடைய ரூம்? இந்த இடத்தில் அவள் மனசு போன போக்கைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. முதலில் மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். இரண்டு செட் வாங்கினார், ஒன்று இங்கே, அப்படியானால் இன்னொன்று. இன்னொன்றை என்ன செய்தார் என்று அவள் கேட்டதே இல்லையே! விற்றிருப்பார் என்றுதான் நினைத்திருந்தாள். ஆக அதை எங்கேயோ வைத்திருக்கிறார். அவருடைய தனி ரூமின் போட்டோவை அவள் பார்த்திருக்கிறாள், ஒத்தைக் கட்டில், நீலத் திரை, சுவரில் புது ஏசி, இருபத்து நாலில்தான் வைப்பேன் என்பார், தெருவில் பாதிப் பேருக்கு அந்தப் போட்டோவை அவள் காட்டியிருக்கிறாள். இது முப்பத்தொன்று. அப்படியென்றால் இது வேறு ரூம். வேறு ரூமில் எதற்குப் பெட்டி? அங்கேயும் ஒரு பிள்ளைக்கு வீசிங்கா? அடிப்பாவி மனசே, எங்கே போகிறாய் என்று அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள், ஆனால் போனது போனதுதான். உடம்பெல்லாம் சூடேறியது. இங்கே என் மூச்சை எண்ணிக்கொண்டு அங்கே இன்னொருத்தி மூச்சை. அதுதான் யாரு வந்தா யாரு வந்தா என்று கேட்கத் தோன்றுகிறதோ, தன்னைப் போல் பிறரையும் நினைக்கிற புத்தி. அந்த எண்ணையே முறைத்துப் பார்த்தாள். இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபது. முறைத்துப் பார்க்கப் பார்க்க வேறு ஒன்று உறுத்த ஆரம்பித்தது. ஐந்து மாதமாக இந்தப் பெட்டியை ஏமாற்றி ஏமாற்றி அவளுக்கும் கணக்கு கைவந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு அவளும் கதிரும் இரண்டு மணி நேரம் இருந்தால் ஆயிரத்து இருநூறு. அவளும் மகிழினியும் ஹாலில் படுத்துத் தூங்கினால் எண்ணூற்று ஐம்பது. வளைகாப்புக்குப் போகிற வழியில் மழைக்கு ஒதுங்கி இந்த ஹாலில் எட்டுப் பொம்பளைகள் கதவடைத்து உட்கார்ந்து கதை பேசின அன்றைக்குத்தான் இரண்டாயிரத்து முந்நூறு. ஒருத்தியைக் கூட வைத்துக்கொண்டு யாரும் இரண்டாயிரத்து எண்ணூறு மூச்சு விட முடியாது. இரண்டு பேர் இல்லை அது. நாலு பேர்கூட இல்லை. இன்னொருத்தி இல்லை என்பதில் வந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அதன் பின்னாலேயே வேறொன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

கோட்டைத் தொட்டாள். ஒரு வாரம் விரிந்தது. ஏழு மலை, இல்லை, ஒவ்வொரு நாளும் இரண்டு மலை. சாயங்காலத்துக்கு மேல் ஏற ஆரம்பித்து ராத்திரி பூராவும் உச்சியிலேயே நின்று, விடிவதற்கு முன்னால், அங்கத்து நேரம் நாலரைக்கு, பொத்தென்று விழுகிறது. பகலில் ஒன்றும் இல்லை, தரையோடு தரை. பிறகு நம்ம ஊர் நேரம் இரண்டு மணிக்கு மேல் மறுபடி ஏறி, நாலரைக்கு விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறங்கவே இல்லை. ஏசி ஆபீசுக்கு விடிகாலை நாலரை மணிக்கு யார் போவார்கள்? நாலரை மணிக்கு வேலைக்குப் போய், மத்தியானம் வெயில் உச்சிக்கு வரும்போது ரூமுக்குத் திரும்பி, இரண்டரை மணி நேரம் படுத்து, மறுபடி போகிற வேலை என்ன வேலை என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கோடை மாதங்களில் அங்கே மத்தியான வெயிலில் வெளியில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம் இருப்பதாக அவரே ஒரு தடவை பேச்சுவாக்கில் சொன்னதுதான். பாவம் இந்தக் கூலிக்காரங்க என்று சொன்னார். பாவம் இந்தக் கூலிக்காரங்க என்று இவளும் சொன்னாள். இப்போது அதை நினைத்தபோது வாய் கசந்தது. அந்த நீலத் திரை ரூம் யாருடையது? மண்டபத்து வாசலில் இல்லக்கா என்றானே கதிர், அந்த முகம். அவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது, அதற்கும் மூச்சு வாங்கும், அதையும் இந்தப் பெட்டி எண்ணி அனுப்பும் என்று தோன்றியதும் அழுகை உள்ளேயே நின்றுவிட்டது.

மூணு மணிக்குப் போன் அடித்தது. பத்து செகண்டுகூடப் பிந்தவில்லை. "சாப்பிட்டியா?" என்றார். "சாப்ட்டேன்," என்றாள். "பாப்பா ஸ்கூலுக்குப் போயிட்டாளா? இருமல் இருந்துச்சா?" "இல்ல." அப்புறம், எதிர்பார்த்தபடியே, "ஒன்றரைக்கு ஹால்ல ஆயிரத்தி எரநூறு போயிருக்கே இளா. யாரு வந்தா?" என்றார். அடுப்பு, சாம்பிராணி என்று எதையெதையோ தயார் செய்து வைத்திருந்தாள். "கதிர் வந்தான்," என்றாள். "எவன்?" "என் தம்பி. மீன் கொழம்பு ஊத்தினேன், சாப்ட்டுட்டுப் போனான்." அந்தப் பக்கம் குரல் தடித்தது. "நான் என்ன சொல்லிருக்கேன்? அவன் அந்த வாசப்படி ஏறக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா? பந்தியில வச்சு என் மானத்த வாங்கினவன். ஆம்பள இல்லாத வீடுன்னா யாரு வேணாலும்..." பின்னால் ஒருவர் இருமினார். இன்னும் கொஞ்சம் தள்ளி வேறொருவர். தகரத்தில் பக்கெட் இடிக்கிற சத்தம். "நீங்க இப்ப எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள். "ஆபீஸ்லதான். ஏன், சாப்பாட்டு நேரம்தான்." "ஏங்க, நான் ரெண்டாவது பக்கத்தப் பாத்துட்டேன்." "என்ன பக்கம்?" "ஆப்புல. ரூம்னு போட்டிருக்கே, அது."

வைத்துவிட்டார் என்றே நினைத்துப் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், செகண்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரோ இந்தியில் எதையோ கேட்டார்கள். அப்புறம் ரொம்ப சின்னக் குரலில், அவள் இதுவரை கேட்டிராத ஒரு குரலில், "எவ்வளவு காட்டுது?" என்றார். "ரெண்டாயிரத்தி எண்ணூத்தி எழுவது." "இன்னைக்குக் கம்மிதான். ரெண்டு பேரு ஊருக்குப் போயிருக்காங்க." இதைக் கேட்டதும் அவள் தரையில் உட்கார்ந்தாள். "எத்தன பேருங்க?" "இப்ப பதினோரு பேரு. ஒண்ணு மேல ஒண்ணா மாடிக் கட்டில்தான். நல்ல பசங்க எல்லாம்." "வெயில்லயா வேல?" "அப்படி ஒண்ணும் இல்ல. மத்தியானம் நிப்பாட்டிருவாங்கல்ல. கம்பெனி மூடிட்டான், பழைய வேல போச்சு, ரெண்டு வருஷம் ஆச்சு. சொல்லலாம் சொல்லலாம்னுதான்..." "அப்ப என்னைய எதுக்குங்க இப்படிப் பாத்தீங்க? யாரு வந்தா, எப்பக் குளிச்ச, எப்பத் தூங்குனன்னு. திருடியப் பாக்குற மாதிரி." அவர் தொண்டையைச் செருமினார். "திருடிய இல்ல இளா. ராத்திரி இங்க லைட்ட அணைச்சப்புறம் போர்வைக்குள்ள போன வச்சுக்கிட்டுப் பாப்பேன். நீயும் பாப்பாவும் தூங்கிட்டா எண்ணூத்தி அம்பதுல வந்து நிக்கும். அது நின்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும். அப்புறம் அது ஏறுனாலே பயமா வந்துருச்சு. நான் இல்லாம அந்த வீட்டுல ஆளு இருந்தா, எனக்கு என்னமோ..." இதை நம்பலாமா, இதுவும் நீலத் திரை மாதிரி ஒன்றா என்று அவள் மனசின் ஒரு பாதி உடனே எழுந்து உட்கார்ந்தது. ஐந்து மாதத்தில் அவரிடமிருந்தே கற்றுக்கொண்ட பாதி அது. இன்னொரு பாதி அந்தப் போர்வைக்குள் போயிருந்தது. "கதிர்கிட்ட சொல்லாத," என்றார் குணசீலன். "அவனுக்குத் தெரியும். அவன்தான முதல்ல சொன்னான். நான்தான் அவன நாயத் தொரத்துற மாதிரி தொரத்துனேன்." அப்புறம், "வந்துருங்க," என்றாள். "வச்சிடுறேன், கொஞ்சம் படுக்கணும்," என்றார்.

இப்போது ரூம் பெட்டியை அணைத்துவிடுவார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பிளக்கைப் பிடுங்குவார், இல்லையென்றால் அந்தப் பக்கத்தையே அழித்துவிடுவார், மானஸ்தர் அல்லவா, பந்தியில் பாதி இலையில் எழுந்தவர் அல்லவா. அழித்துவிட்டால் நாளைக்கு மறுபடி ஏசி, தனி ரூம், சாப்பாட்டு நேரம் என்று ஆரம்பித்துவிடுவார், அவளும் நம்புகிற மாதிரி இருக்க வேண்டியதுதான். எழுந்து பாத்திரம் தேய்க்கலாம் என்று போனாள், தேய்க்கவில்லை, போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். மூணேகால். பக்கம் இருந்தது. இரண்டாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு. இன்னும் அணைக்கவில்லை, யோசிக்கிறார். மூணு இருபது. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். மறந்துவிட்டாரோ? மறக்கிற ஆளா? வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறாரா, பார்த்துக்கொள் என்று? இப்படி யோசித்து யோசித்து நாலு மணியாகிவிட்டது, பக்கம் அப்படியே இருந்தது. அதில் ஒரு மூச்சு அவருடையது, மற்ற பத்தும் யார் யாருடையதோ, அவரவர் வீட்டில் யார் யார் என்ன நம்பிக்கொண்டிருக்கிறார்களோ. சாப்பாட்டுத் தட்டுகள் அப்படியே கிடந்தன, ஈ மொய்த்தது. இங்கே ஹாலில் பெட்டி நானூற்று எழுபதுக்கு இறங்கிப் பச்சையாகி இருந்தது. ஐந்து மாதமாக இந்தப் பச்சைக்காகத்தான் அவள் ஜன்னல் ஜன்னலாக ஓடினாள், பச்சை வந்தால் அவர் ஒன்றும் கேட்க மாட்டார் என்று. இன்றைக்கு வந்திருக்கிறது, அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாலு முப்பத்தைந்துக்கு இரண்டாவது பக்கத்தில் எண் விழுந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. கதவைத் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அப்பாடா, காற்று வருகிறது என்று. நாலு நாற்பதுக்கு ஆயிரத்து நூறு. நாலு நாற்பத்தைந்துக்கு அறுநூற்றுப் பத்து. தெருமுனையில் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது, மகிழினி இறங்கியிருப்பாள், அவள் எழுந்திருக்கவில்லை. நாலு ஐம்பதுக்கு நானூற்று நாற்பது. சிவப்பு போய், மஞ்சள் போய், எண் பச்சையாகிவிட்டது, பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றுகூட வந்தது, இந்த அறையில் காற்று நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளமாக. அறையில் ஒருவரும் இல்லை. அதற்குக் கீழே, அந்தச் செட்டோடு வந்த வெள்ளைக் குழாயை ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருப்பார் போல, அது ஒரு எண் காட்டிக்கொண்டிருந்தது. நாற்பத்து நாலு புள்ளி எட்டு டிகிரி. அவர் இப்போது அதில்தான் நின்றுகொண்டிருந்தார்.